அக்கா போட்ட கையெழுத்தும் தங்கை வைக்காத ரேகையும்

2018ஆம் ஆண்டு வைகாசி முதல் நாள். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பெங்களூரில் தையல் ஆலை ஒன்றில் வேலை செய்யும் தங்கை, பொங்கலுக்கு வராவிட்டாலும் சிரசுக்கு வந்துவிடுவார். அம்மனைத் தரிசித்துவிட்டு, கல்லூரியில் படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு, அப்பா வாங்கிய நிலத்தைப் பார்க்கச் சொந்த ஊருக்குப் போனார். மல்லாட்டை (நிலக்கடலை) விளைந்த கொல்லையில் முழங்கால் உயரக் கற்கள் வரிசையாக நட்டிருந்தன. மஞ்சள் பூச்சு, அதன்மேல் சிவப்பில் எண்கள். கிணற்றுமேட்டில் இருந்த கல்லில் 14 என்று எழுதியிருந்தது.

அண்ணனிடம் கேட்டார். "குத்தகைக்கு விட்டிருக்கிறேன் பாப்பா. அளவுக்காக அவர்கள் ஏதோ நட்டிருக்கிறார்கள்" என்று அண்ணன் சொல்லிவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார். அன்று இரவு மகன் கைபேசியில் பதிவுத்துறையின் இணையதளத்தைத் திறந்து, பழைய தீர்வை ரசீதில் இருந்த சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்று பார்த்தான். இரண்டு பதிவுகள் வந்தன. 2013இல் ஒரு கிரையம். அதற்கு முன் 2008இல் ஒரு விடுதலைப் பத்திரம். அதில் எழுதிக்கொடுத்தவர்கள் இருவர்: முதலாமவர் அக்கா, இரண்டாமவர் தங்கை. எழுதிப் பெற்றவர் அண்ணன். "அம்மா, இதில் உன் பெயர் இருக்கிறதே" என்று மகன் கேட்டபோதுதான், தன் பாகத்தைத் தானே பத்து ஆண்டுகளுக்கு முன் விட்டுக்கொடுத்திருப்பதாகத் தங்கைக்குத் தெரிய வந்தது.

தங்கையின் வழக்கறிஞராக இந்த வழக்கை முதல் நாளிலிருந்து நடத்தியவன் நான். குடும்பத்தாரின் பெயர், கிராமம், சர்வே எண், அலுவலகம் எதையும் இங்கே எழுதவில்லை. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் இன்னும் ஒரே தெருவில் பொங்கல் வைக்க வேண்டியவர்கள்.

நிலம் வந்த வழி

அப்பா ராணுவத்தில் இருந்தவர். வேலூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் பல உண்டு. இதுவும் அப்படிப்பட்ட ஊர்தான். 1971இல், சேர்த்து வைத்த சம்பளத்தில், 2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை நிலத்தைப் பதிவு செய்த கிரையப் பத்திரத்தின் மூலம் வாங்கினார். அந்தத் தாய்ப்பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றுதான் இருக்கிறது. அவரே கிணறு வெட்டினார், மோட்டார் வைத்தார். 1998இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா 2006இல் இறந்தார். பிள்ளைகள் மூவர்: மகன் ஒருவர், மகள்கள் இருவர்.

அப்பாவின் மறைவுக்குப் பிறகு யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பாகப்பிரிவினை இல்லை, பட்டா மாறுதல் இல்லை. அண்ணன் பயிர் வைத்தார், தீர்வை கட்டினார். அறுவடைக்குத் தங்கைகளுக்கு ஒரு மூட்டை மல்லாட்டை, ஆடிக்குப் புடவை. அதை அவர்களும் அண்ணன் செய்யும் சீர் என்றே எடுத்துக்கொண்டார்கள். தங்கள் நிலத்தின் விளைச்சலில் தங்களுக்கு உரிய பங்கு அது என்ற நினைப்பே இருவருக்கும் இல்லை. இந்த வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உரிமையைச் சீராக வாங்கிப் பழகியவர்களிடம், அந்த உரிமையை எடுத்துக்கொள்வதும் எளிதாகிவிடுகிறது.

பங்குக் கணக்கில் சிக்கலே இல்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து. உயில் இல்லாமல் அவர் இறந்ததால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 8ஆம் பிரிவின்படி மனைவி, மகன், இரண்டு மகள்கள் என நால்வருக்கும் கால் கால் பங்கு. அம்மா இறந்ததும் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போய்ச் சேர்கிறது. ஆக ஆளுக்கு மூன்றில் ஒன்று, அதாவது 80 சென்ட்.

ஊரில் இந்தக் கணக்கை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அக்காவுக்கு 1987இல் கல்யாணம் ஆகிவிட்டது. "1989க்கு முன் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது" என்று பஞ்சாயத்தில் பெரியவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். நீதிமன்ற வராந்தாவில்கூட இதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1989 மார்ச் 25 என்ற தேதி தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள் பங்காளியாவதைப் பற்றியது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும், அதை விளக்கிய 2020ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அந்தப் பூர்வீகச் சொத்தைப் பற்றியவையே. தகப்பன் தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் விட்டுப்போன நிலத்தில் மகளுக்குச் சம பங்கு 1956இலிருந்தே இருக்கிறது. அவளுக்கு எந்த ஆண்டு கல்யாணம் நடந்தது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஒரு தேதியைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் எத்தனை பெண்கள் கேட்காமலே இருந்துவிட்டார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பத்திரத்தைப் பார்த்தோம்

சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டு 2008ஆம் ஆண்டின் விடுதலைப் பத்திரத்தை வாங்கினோம். வாசகம் வழக்கமானதுதான்: 'எங்களுக்குப் பாத்தியப்பட்ட பாகங்களுக்காக ஆளுக்கு ரூபாய் 15,000 ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, இனி மேற்படி சொத்தில் எங்களுக்கு யாதொரு உரிமையும் பின்தொடர்ச்சியும் இல்லையென்று' எழுதிக்கொடுத்ததாக இருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து, எழுத்துக்கூட்டிப் போட்டது போலக் கோணலாக. அதற்குக் கீழே தங்கையின் பெயரை யாரோ எழுதி, பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை.

தங்கை பத்தாம் வகுப்பு முடித்தவர். பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஆலைச் சம்பளச் சீட்டு என எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான தமிழ்க் கையெழுத்து. அப்படிப்பட்டவர் இந்த ஒரு பத்திரத்தில் மட்டும் கைநாட்டு வைத்திருக்கிறார்!

போலிப் பத்திரம் தயாரிப்பவர்கள் கையெழுத்துக்குத்தான் அஞ்சுகிறார்கள். அதைப் பார்த்து எழுத வேண்டும், சாய்வும் சுழியும் ஒத்துப்போக வேண்டும். அதனால் 'படிக்காதவர்' என்று காட்டி ரேகை வைக்க வைத்துவிடுகிறார்கள். ஆனால் கையெழுத்தில் நிபுணர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்லலாம். ரேகையில் அந்த இழுபறிக்கு இடம் மிகக் குறைவு. அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு அஞ்சத் தேவையில்லாததற்கு அஞ்சியவர்களால்தான் இந்த வழக்கில் எங்களுக்குப் பிடி கிடைத்தது.

நகலில் இருந்த ரேகை பயன்படவில்லை. மை மிகுந்து, வறுத்த மல்லாட்டைக் கொட்டையைக் காகிதத்தில் நசுக்கியது போல ஒரே கறுப்பு. ஆனால் பதிவு அலுவலகத்தில், பத்திரத்தில் வைக்கும் ரேகையைத் தவிர, தனியாக ஒரு பெருவிரல் ரேகைப் பதிவேடும் உண்டு. பத்திரம் எழுதிக்கொடுத்தவர் அதிலும் இடது பெருவிரலைப் பதிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை நீதிமன்றத்துக்கு வரவழைக்க மனுப் போட்டோம். அது வந்து சேரவே பல வாய்தாக்கள் ஆயின. வந்த நாளில் நீதிமன்ற எழுத்தர் மேசையில் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். இரண்டாவது முறை மை தொட்டுத் துடைத்துவிட்டு வைத்திருக்க வேண்டும்; கோடுகள் ஒவ்வொன்றும் தெளிவாக, நடுவில் சுழி தெரியும்படி இருந்தது. தங்கை தன் இடது பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். எதுவும் பேசவில்லை.

"உனக்குத் தெரியாதா அக்கா?"

இந்த வழக்கில் மிகவும் கடினமான பகுதி சட்டத்தில் இல்லை, இரண்டு பெண்களுக்கு நடுவில் இருந்தது.

ஒரே பத்திரம். அதில் அக்காவின் கையெழுத்து உண்மையானது, அக்காவே ஒப்புக்கொண்டார். அப்படியானால் அக்கா சார்பதிவாளர் முன் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் தங்கையின் பெயரில் வேறொருத்தி வந்து ரேகை வைத்திருக்க வேண்டும். "உனக்குத் தெரியாதா அக்கா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நானில்லை என்று உனக்குத் தெரியாதா?" என்று தங்கை கேட்டார். அக்கா அழுதாரே தவிர அவரிடமிருந்து பதில் வரவில்லை. எட்டு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதனால்தான் அக்காவுக்காக நான் ஆஜராகவில்லை. பாகப்பிரிவினை வழக்கில் அண்ணன் முதல் பிரதிவாதி, அக்கா இரண்டாம் பிரதிவாதி, நிலம் வாங்கியவர் மூன்றாம் பிரதிவாதி. அக்காவுக்கு வேறொரு வழக்கறிஞர் எதிருரை தாக்கல் செய்தார்.

அக்கா சொன்ன கதை இது. 2008 ஆடி மாதம் அண்ணன் வீட்டுக்கு வந்து, "அப்பா பெயரில் இருக்கும் பட்டாவை மாற்றினால்தான் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தருவார்கள். நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்" என்று கூப்பிட்டார். பஸ்ஸில் கூட்டிப் போனார், ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், திரும்பும்போது ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார். பத்திர எழுத்தர் காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டார். அதிகாரி, "இது உன் கையெழுத்துதானா அம்மா?" என்று கேட்டார். "ஆமாம் ஐயா" என்றார் அக்கா. ஒருவரும் படித்துக் காட்டவில்லை. "அண்ணன் கேட்கும்போது, படித்துக் காட்டு என்று எப்படிச் சொல்வது?" என்று நீதிமன்றக் கூண்டில் நின்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்த அறையில் யாரிடமும் பதில் இல்லை.

அக்காவின் மேல் விழுந்த சந்தேகத்தை நீக்கியது பத்திரத்தின் பின்பக்கம். பதிவு செய்யும்போது சார்பதிவாளர் அங்கே மேலெழுத்து எழுதுவார்: இன்னார் எழுதிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டார், இன்னார் அவரை அடையாளம் காட்டி நிரூபித்தார், தேதி இது என்று. நகல் கையில் வந்தபோது நானே அதை மேலோட்டமாகத்தான் பார்த்தேன். ரேகைப் பதிவேடு வந்த அன்று, அக்காவின் ரேகையும் 'தங்கை'யின் ரேகையும் வெவ்வேறு பக்கங்களில் இருப்பதைப் பார்த்த பிறகே நகலைத் திரும்ப எடுத்துப் படித்தேன். இரண்டு தேதிகள் இருந்தன. அக்கா ஒப்புக்கொண்டது ஒரு நாள். 'தங்கை' வந்து ஒப்புக்கொண்டது அதற்கு ஒன்பது நாள் கழித்து. எழுதிக்கொடுப்பவர்கள் ஒரே நாளில் வர வேண்டியதில்லை. வெவ்வேறு நாட்களில் ஆஜராகலாம் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 34ஆம் பிரிவே அனுமதிக்கிறது. அக்கா வந்துபோன பிறகு, அவருக்குத் தெரியாமல்தான் வேறொருத்தி கொண்டுவரப்பட்டிருக்கிறாள்.

அன்று மதியம் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தின் வேப்பமரத்தடியில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். தங்கை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது தங்கையின் கையில் அக்காவின் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது.

ஒரே பத்திரம், இரண்டு சட்டம்

வழக்கறிஞர்கள் அல்லாத வாசகர்கள் இந்தப் பகுதியில் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டுகிறேன். இந்த வழக்கை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

தங்கை அந்தப் பத்திரத்தை எழுதிக்கொடுக்கவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அது ஆரம்பத்திலிருந்தே செல்லாத காகிதம். ரத்து செய்யச் சொல்லி அவர் கேட்க வேண்டிய கட்டாயமில்லை. 'இது என்னைக் கட்டுப்படுத்தாது' என்று அறிவிக்கக் கேட்டால் போதும். செல்லாத பத்திரத்தை ரத்து செய்யத் தேவையில்லை என்று 2006இலும், எழுதிக்கொடுத்தவர் ரத்து கோர வேண்டும், எழுதிக்கொடுக்காதவர் அறிவிப்புக் கேட்டால் போதும் என்று 2010இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அக்காவின் நிலை வேறு. கையெழுத்து அவருடையது. சார்பதிவாளர் முன் ஒப்புக்கொண்டதும் அவரே. ஆகவே அவர் அதை ரத்து செய்யச் சொல்லித்தான் கேட்க வேண்டும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 40ஆம் பிரிவின்படி அதற்கு மதிப்பின் மேல் கட்டணம் கட்ட வேண்டும். காலவரையறைச் சட்டத்தின் 59ஆம் கூறின்படி, உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வந்திருக்க வேண்டும். ஏமாற்றப்பட்டதை அவரே நிரூபிக்க வேண்டும். பத்திரத்தில் எழுதியிருப்பதற்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் சொல்ல மோசடி என்ற ஒரு கதவு திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவு குறுகலானது.

முழுப் பொய்யான ரேகையைச் சட்டம் ஒரு தீர்ப்பில் துடைத்துவிடும். பாதி உண்மையான கையெழுத்தைத் துடைப்பதற்கு ஒரு பெண் தன் ஆயுளில் பல ஆண்டுகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 'போலிப் பத்திரம்' என்று எல்லோரும் அஞ்சுகிறோம். என் அனுபவத்தில், குடும்பத்துப் பெண்களின் நிலம் அதிகமாகக் கைவிட்டுப் போவது அசல் கையெழுத்துகளால்தான். 'சும்மா ஒரு கையெழுத்து', 'பட்டாவுக்கு', 'கடனுக்கு' என்று கேட்டு, சொந்த அண்ணன் தம்பி கையிலிருந்து பேனாவை வாங்கிப் போட்ட கையெழுத்துகள் அவை.

வழி தேடி அலைந்த காலம்

தங்கை வீட்டார் முதலில் போலீசுக்குத்தான் போனார்கள். "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆள்மாறாட்டம், பொய்யாவணம் புனைதல், அதை உண்மையானதாகப் பயன்படுத்துதல் ஆகியவை அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 419, 467, 468, 471 ஆகிய பிரிவுகளில் வரும் குற்றங்கள். பதிவுச் சட்டத்தின் 82ஆம் பிரிவிலும் ஆள்மாறாட்டத்துக்கு ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. சிவில் வழக்கு இருப்பதால் குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது. மாவட்டக் காவல் அலுவலகத்தில் மனுக் கொடுத்த பிறகே வழக்குப் பதிவானது. தங்கை அதை அழுத்தவில்லை. "அண்ணனை உள்ளே தள்ளச் சொல்லவில்லை சார். என் இடத்தை எனக்குக் கொடுக்கச் சொல்கிறேன்" என்றார்.

வட்டாட்சியரிடமும் போனார்கள். விடுதலைப் பத்திரத்தைக் காட்டி அண்ணன் 2009இலேயே தன் பெயரில் தனிப்பட்டா வாங்கியிருந்தார். உரிமையில் தகராறு என்றால் வருவாய்த் துறை அதை முடிவு செய்ய முடியாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்பும். பட்டா என்பது தீர்வை கட்டுபவர் யார் என்று காட்டும் பதிவு, அது உரிமை மூலம் ஆகாது என்று எத்தனையோ தீர்ப்புகள் சொல்லியும், 'பட்டா என் பெயரில் இருக்கிறது' என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஊரில் பத்து ஆண்டு காலம் தள்ளிவிட முடிகிறது.

வழக்கு நடந்துகொண்டிருந்த 2022 ஆகஸ்டில் பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 77-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. போலி ஆவணத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்றது அது. உறவினர்கள் உடனே அங்கே மனுப் போடச் சொன்னார்கள். ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் ரேகையை ஒப்பிட்டு, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து நீதிமன்றம் பாதி தூரம் வந்திருந்த நேரத்தில் வண்டியை மாற்ற வேண்டாம் என்று தடுத்தேன். 2024இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்துவிட்டது. பதிவு அதிகாரியின் அலுவலகத்தில் தீராது, உரிமையை நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும் என்ற இடத்துக்கே மறுபடியும் வந்து நிற்கிறோம். ஏழைக் குடும்பத்துக்கு இது நல்ல செய்தி இல்லை. ஆனால் சாட்சியை விசாரிக்காமல் ஒரு பத்திரத்தை ரத்து செய்யும் அதிகாரம், நாளைக்கு உண்மையான பத்திரத்தின் மேலும் பாயலாம் என்ற அச்சமும் நியாயமானதே.

கூண்டில் ஒரு பதில்

தங்கை அந்த நாளில் பெங்களூரில் இருந்தார் என்பதைக் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. ஆலையில் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய வருகைப் பதிவேடு கிடைக்கவில்லை. எல்லாம் ரேகையின் மேல் நின்றது.

எதிர்த்தரப்பு ஒரு விளக்கம் வைத்திருந்தது: அன்று தங்கையின் வலது கையில் காயம், பேனா பிடிக்க முடியவில்லை, அதனால்தான் ரேகை வைத்தார். கேட்பதற்கு நம்பும்படியாகவே இருந்தது. 'தங்கை'யை அடையாளம் காட்டி நிரூபித்த இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். உயிரோடு இருந்தவர் அண்ணனின் பக்கத்துக் கொல்லைக்காரர். அவரிடம் காயத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. தங்கையைச் சிறு வயதிலிருந்தே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். பள்ளிக்கூடம் போனவரா? போனவர், நன்றாகப் படிக்கும் பெண். அன்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தீர்களா? "பார்த்தேன். என் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டது" என்றார்.

பத்திரத்தை அவரிடம் கொடுத்து, அந்தக் கையெழுத்தைக் காட்டச் சொன்னேன். மனிதர் காகிதத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், அண்ணனைப் பார்த்தார். அவரை மேற்கொண்டு கேட்க எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு வந்த விரல்ரேகை நிபுணரின் அறிக்கை, பதிவேட்டில் இருந்த ரேகை தங்கையுடையது அல்ல என்றது. ரேகை யாருடையது என்பது குற்ற வழக்கில் தீர வேண்டியது.

நிலம் வாங்கியவர்

2013இல் அண்ணனிடமிருந்து 1 ஏக்கர் வாங்கியவர் கெட்டவர் இல்லை. பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் மனை விலை ஏறிய காலம் அது. பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தார். நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்று வாதாடினார். ஆனால் விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. உண்மையான உரிமையாளரின் சம்மதத்தோடு ஒருவர் உரிமையாளர் போலத் தோன்றினால்தான், அவரை நம்பி வாங்கியவரைச் சொத்து மாற்றுச் சட்டம் 41ஆம் பிரிவு காப்பாற்றும். போலி ரேகையில் சம்மதம் எங்கே இருக்கிறது? அவர் அண்ணனின் பங்கை வாங்கியவராக மட்டுமே நிற்க முடியும்.

ஒரு விதத்தில் அதிர்ஷ்டமும் இருந்தது. அவர் கல் நட்டபோது மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கியிருக்கவில்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் விதித்த தடைக்குப் பிறகு, அப்படிப்பட்ட புது மனையை விற்றுப் பதிவு செய்ய வழியில்லை. இல்லையென்றால் 14ஆம் எண் மனையை வாங்கிய ஏதோ ஒரு குடும்பமும், அதைப் போல இன்னும் இருபது குடும்பங்களும் இந்த வழக்கில் பிரதிவாதிகளாக வந்து நின்றிருக்கும்.

தீர்ப்பு

2023இல், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தது. விடுதலைப் பத்திரம் தங்கையைக் கட்டுப்படுத்தாது. அவருக்கு மூன்றில் ஒரு பங்கு, 80 சென்ட். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்ட அக்காவின் எதிர்க் கோரிக்கை தள்ளுபடி. ஆள்மாறாட்டத்தில் அக்காவுக்குத் தொடர்பில்லை என்று நீதிபதி தெளிவாக எழுதினார். ஆனால் கையெழுத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார், பத்து ஆண்டு கழித்துக் கேட்கிறார், ஏமாற்றப்பட்டதற்கு அவருடைய வாய்ச்சொல் தவிர வேறு ஆதாரமில்லை. ஆகவே அக்காவின் 80 சென்ட் அண்ணனுடையதாயிற்று. ஏமாற்றியவரின் கணக்கில் 1 ஏக்கர் 60 சென்ட். அதில் 1 ஏக்கர் வாங்கியவருக்கு.

நிலத்தை அளந்து பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணைக்காக வழக்கறிஞர் ஆணையர் நில அளவையரோடு வந்து சங்கிலி பிடித்தார். கிணறு யாருக்கு என்பதில்தான் நின்றது. கிணறும் மின் இணைப்பும் வாங்கியவரின் பகுதியில் இருந்தன. தண்ணீர் இல்லாத 80 சென்ட் புஞ்சையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிணற்றில் மூன்றில் ஒரு பாகம், முறைத் தண்ணீர், வாய்க்கால் போக மூன்றடி வழி என்று ஆணையரின் அறிக்கையில் எழுத வைக்க இரண்டு முறை ஆட்சேபனை போட வேண்டியிருந்தது. பாகப்பிரிவினை வழக்கில் சென்ட் கணக்கை மட்டும் பார்த்துக் கிணற்றையும் வண்டிப்பாதையையும் விட்டுவிடுபவர்கள், தீர்ப்பு கையில் இருந்தும் பயிர் வைக்க முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அளவு முடியும் வரை அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அங்கே அளக்க ஒன்றுமில்லை.

மேல்முறையீடு

அக்காவை என்னிடம் கூட்டிவந்தது தங்கைதான். "நீங்களே நடத்துங்கள் சார். செலவு என்னுடையது" என்றார். அக்காவின் முன்னாள் வழக்கறிஞரிடம் ஆட்சேபனையில்லாக் குறிப்பு வாங்கி, மேல்முறையீட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

வாதம் இருக்கிறது. ஏமாற்றியது பத்திரத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியா, பத்திரத்தின் தன்மையையே பற்றியா என்று 1968இல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. 15,000 என்று படித்துக் காட்டாமல் 1,500 என்று சொல்லியிருந்தால் அது உள்ளடக்கம். அந்தப் பத்திரத்தை ரத்து செய்துதான் ஆக வேண்டும். கடனுக்கான காகிதம் என்று சொல்லிப் பாகத்தையே விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் அது தன்மை. அந்தப் பத்திரம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர், நம்பியவரிடமிருந்து எழுதி வாங்கினால், அது நேர்மையாக நடந்தது என்று காட்டும் சுமை வாங்கியவர் மேல்தான் என்று அன்றைய சாட்சியச் சட்டம் 111ஆம் பிரிவு சொல்கிறது. இதே பத்திரத்துக்காக ஒன்பது நாள் கழித்து ஆள்மாறாட்டம் செய்யத் துணிந்தவர், முதல் நாள் மட்டும் அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருப்பாரா? பின்பக்கத்து இரண்டு தேதிகளையும் மேல்முறையீட்டு மனுவின் முதல் காரணமாகவே வைத்திருக்கிறேன்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கப் பேனாவை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "முதலில் படித்துக் காட்டுங்கள் ஐயா" என்றார்.

வக்காலத்து அச்சடித்த ஒரு பக்கம். எத்தனையோ ஆண்டுகளாக எத்தனையோ பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்; ஒருவருக்கும் அதை முழுதாகப் படித்துக் காட்டியதில்லை. அன்று வரி வரியாகப் படித்தேன். 'மேற்படி வழக்கில் சமரசம் செய்துகொள்ளவும்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அப்படியென்றால் என்னைக் கேட்காமல் நீங்கள் முடித்துக்கொள்ளலாமா?"

"எழுதியிருப்பதன்படி முடியும் அம்மா."

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்து, 'சமரசம்' என்ற சொல்லுக்கு முன் 'கட்சிக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் பெற்று' என்று இடைச்செருகலாக எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டுக் கொடுத்தேன். அந்த வரியை மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அக்கா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.